சுடாமலே வெடித்த தோட்டாக்கள்

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் இந்தியாவிலிருந்த படைகளுக்கு விந்தையான தொல்லை ஒன்று ஏற்பட்டது. மழைக்காலத்தில் சேமித்து வைத்த தோட்டாக்களை எடுத்துப் பார்த்தால், பித்தளைக் கூடுகளில் கீறல் விழுந்திருக்கும். யாரும் சுடவில்லை, மருந்தும் எரியவில்லை. கூடு மட்டும் வெடித்திருந்தது. அதிலும் குதிரை லாயங்களில் வைத்திருந்தவையே இப்படிக் கெட்டன.

காரணத்தை அறியுமுன், கூட்டின் வேலையைப் பார்ப்போம். 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளையால் ஆனது அது. ரைபிளைச் சுடும்போது மருந்து வாயுவாகி, வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 3,000 மடங்கு அழுத்தத்தை உண்டாக்குகிறது. மெல்லிய கூடு இதைத் தாங்குமா? தனியே தாங்காது. சுற்றியுள்ள எஃகு அறைதான் தாங்குகிறது. கூடு உப்பி அறைச் சுவரோடு ஒட்டி, வாயு பின்புறம் கசியாமல் அடைக்கிறது. அழுத்தம் தணிந்ததும் இம்மியளவு சுருங்குவதால் எளிதில் வெளியே வருகிறது. பித்தளை மிக மென்மையாக இருந்தால் போதிய அளவு சுருங்காமல் சிக்கிக்கொள்ளும். மிகக் கடினமானால் உப்பும்போதே கிழியும்.

செம்புக் கம்பி ஒன்றைப் பலமுறை வளைத்து நிமிர்த்துங்கள். வரவர விறைத்து, கடைசியில் ஒடியும். காலிக் கூட்டில் மீண்டும் மருந்து நிரப்புவோர் ஒவ்வொரு முறையும் அதை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். உப்புவதும் அழுத்துவதுமாகச் சில முறை ஆனதும் கழுத்து விறைத்துக் கீறல் விடும். அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுவர் நீண்டு மெலிந்து, கூடு இரண்டாகப் பிரிவதும் உண்டு. அப்போது சுடுவாயு பின்னோக்கிப் பாயுமாதலால் சுடுபவரின் கண்ணுக்கே ஆபத்து. கழுத்தைச் சூடாக்கினால் மென்மை திரும்பும். அடிப்பகுதியைச் சூடாக்கலாகாது, அதன் உறுதி போய்விடும்.

இனி லாயத்துக்கு வருவோம். புதிய கூட்டையும் குளிர்ந்த நிலையிலேயே இழுத்தும் நெருக்கியும் உருவாக்குகிறார்கள். அதனால், நாண் பூட்டிய வில்லில் இருப்பதுபோல, வெளியே தெரியாத தகைவு ஒன்று உலோகத்துக்குள் தங்கிவிடுகிறது. குதிரைச் சிறுநீரிலிருந்து அம்மோனியா வெளிப்படும். ஈரக்காற்றோடு சேர்ந்து அது பித்தளையை அரிக்கிறது. தகைவில்லாத பித்தளையானால் கறையோடு போயிருக்கும். தகைவுள்ள கூட்டிலோ, அரித்த இடத்தை உள்ளிருக்கும் இழுவிசை பிளந்துகொண்டே போகிறது. வெளியிலிருந்து எந்த அழுத்தமும் வேண்டியதில்லை!

1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற ஆய்வாளர்கள் இந்தப் 'பருவ வெடிப்பை' விளக்கினர். பரிகாரம் எளியது. உருவாக்கிய கூட்டைச் சுமார் 250 டிகிரி செல்சியஸில் சிறிது நேரம் சூடாக்கினால், உறுதி பெரிதும் குறையாமலே தகைவு தணியும். அம்மோனியாவால் குளிரூட்டும் பனிக்கட்டி ஆலைகளில் பித்தளையை விலக்கி எஃகுக் குழாய்களைப் பொருத்துவதற்கும் இந்த வெடிப்பு ஒரு காரணம்.