மார்ஜாலத்தின் டில்லி யாத்திரை

"நாய் எஜமானைச் சேர்ந்தது, பூனை வீட்டைச் சேர்ந்தது" என்று சொல்வதுண்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதியோ ஒரு பெரிய அநியாயத்துக்குச் சமாதானமாகப் பயன்பட்டு வருகிறது. மாற்றல் உத்தரவு வந்ததும் குடும்பத்தார் அண்டா குண்டான்களையெல்லாம் கட்டுகிறார்கள்; துளசித் தொட்டியைக்கூட லாரியில் ஏற்றுகிறார்கள். ஐந்து வருஷம் மடியில் படுத்துறங்கிய பூனையை மட்டும், "அது வீட்டை விட்டு வராது" என்று சொல்லி விட்டுவிட்டுப் போகிறார்கள். பூட்டிய கதவுக்கு முன்னால் அது எத்தனை நாள் உட்கார்ந்திருந்தது என்பதை எதிர் வீட்டுக்காரர்கள்தாம் பார்க்கிறார்கள்.

பூனை உண்மையிலேயே வீட்டை விட்டு வராத பிராணிதானா? குட்டி போட்ட பூனை ஏழு வீடு மாறும் என்று சொல்பவர்களும் நாமேதான்! மாத்யூ பிளிண்டர்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி 'டிரிம்' என்றொரு பூனை வைத்திருந்தார். 1799-ல் கப்பலிலேயே பிறந்த பூனை அது. அவர் 1802-03-ல் ஆஸ்திரேலியாவைக் கப்பலில் சுற்றி வந்தபோது அதுவும் உடன் சுற்றி வந்தது. அதற்கு அது சிரமமாக இருக்கவில்லை. ஏனெனில் கப்பலே அதன் வீடு. வீடும் கூடவே நகர்ந்துகொண்டிருந்தது.

விஷயம் இதுதான். பூனைக்கு வீடு என்பது செங்கல்லும் சுண்ணாம்பும் அல்ல, வாசனை. அதன் கன்னத்தில் உள்ள சுரப்பிகளைக் கதவு நிலையிலும் நாற்காலிக் காலிலும் நம்முடைய கணுக்காலிலும் தேய்த்துத் தன் முத்திரையைப் பதிக்கிறது. முத்திரை உள்ள இடம் அதற்கு ஊர். இல்லாத இடம் காடு. ஆகவே, பூனையுடன் நெடுந்தூரம் போகிறவர்கள் அந்த வாசனையையும் சேர்த்து மூட்டை கட்டவேண்டும்.

கூடைக்குள் ஒரு வீடு

சென்ற மாசி மாதம் நாம் சென்னையிலிருந்து டில்லிக்குக் குடிபெயர நேர்ந்தது. முத்தன் என்னும் நம் வீட்டுக் கடுவன் பூனைக்கு அப்போது ஆறு வயது. ரயிலில் போனால் நமக்கு ஒரு பெட்டி, அவனுக்கு வேறு பெட்டி என்று நேரக்கூடும். எனவே மோட்டாரிலேயே போவதென்று தீர்மானித்தோம்.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே, கதவுள்ள பெரிய கூடை ஒன்றைக் கூடத்தில் திறந்து வைத்து, பழைய புடவை ஒன்றை அதில் விரித்தோம். சாப்பாடும் அதற்குள்ளேயே வைத்தோம். பத்தே நாளில் முத்தன் அதைத் தன் சயன அறையாக்கிக்கொண்டான். பிறகு கூடையோடு மோட்டாரில் வைத்து முதலில் தெருமுனை வரையிலும், அப்புறம் தாம்பரம் வரையிலும் போய் வந்தோம். மிருக வைத்தியரிடம் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுச் சான்றிதழும் வாங்கி வைத்துக்கொண்டோம்.

வழியில் கண்டது

முதல் நாள் விஜயவாடா வரை சுமார் 450 கிலோமீட்டர். தடா தாண்டும் வரையில் முத்தன் ஓயாமல் கத்தினான். நெல்லூரில் பெண்ணையாற்றைக் கடக்கும்போது மௌனமாகிவிட்டான். கத்தல் காதுக்குத்தான் துன்பம். மௌனம் மனசுக்குத் துன்பம். அன்று முழுவதும் அவன் தண்ணீரைத் தொடவில்லை. மணல் தட்டையும் நாடவில்லை. இது விளையாட்டு விஷயம் அல்ல. கடுவனுக்குச் சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் இரண்டொரு நாளில் உயிருக்கே ஆபத்து. பூனை சில நாள் பட்டினி கிடந்தால் ஈரலும் கெட்டுவிடும்.

விஜயவாடா விடுதியில், வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய மணலைத் தட்டில் போட்டுக் குளியலறையில் வைத்து, கூடையைக் கட்டிலடியில் திறந்துவிட்டு, விளக்கை அணைத்தோம். குழந்தைகள் தூங்கவில்லை, பெரியவர்கள் தூங்குவதுபோல் நடித்தோம். இரவு இரண்டு மணிக்கு மணல் கிளறும் சத்தம் கேட்டது! எந்தச் சங்கீத வித்துவானுடைய ஆலாபனையும் அன்று நமக்கு அவ்வளவு இனித்திராது. பழைய மணலின் வாசனை வேலை செய்துவிட்டது. விடிவதற்குள் கிண்ணமும் காலியாயிற்று.

அப்புறம் பிரயாணம் எளிதாயிற்று. ஹைதராபாத்திலிருந்து 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை. கோதாவரி, நர்மதை, சம்பல் என்று புண்ணிய பூமியின் நதிகளையெல்லாம் முத்தன் தூக்கத்திலேயே தரிசித்தான். தெலுங்கு நாட்டில் அவனைப் 'பில்லி' என்றார்கள். நாகபுரியில் 'மாஞ்சர்' ஆனான். சாகரில் மறுபடியும் 'பில்லி'! தெலுங்குப் பகரமும் ஹிந்திப் பகரமும் ஒலியில் வேறு. தமிழில் எழுதினாலோ இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. பெயர் எதுவானாலும், கூடைக்குள் எட்டிப் பார்த்த குழந்தைகளின் முகமலர்ச்சி எங்கும் ஒன்றாகவே இருந்தது.

நாகபுரியில் ஒரு விடுதியில் மட்டும், முன்னமே சம்மதித்தவர்கள் வாசலில் மறுத்துவிட்டார்கள். இரவு ஒன்பது மணிக்கு வேறிடம் தேடினோம். விடுதிக்காரர்களின் சம்மதத்தை எழுத்தில் வாங்குவது நலம்.

நாகபுரியைத் தாண்டியதும் பெஞ்சு வனம். வன விலங்குகள் தடையின்றிக் கடப்பதற்காக அங்கே பல இடங்களில் சாலையைத் தூண்களின் மேல் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். புலிகள் அதன் அடியில் நடந்து போவதைத் தானியங்கிக் காமிராக்கள் படம் பிடித்திருக்கின்றன. மூத்த பங்காளியின் ராஜ்யத்துக்கு மேலே இளைய பங்காளி கூடையில் குறட்டை விட்டுக்கொண்டு போனான்.

சில எச்சரிக்கைகள்

புறப்படுவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடவேண்டும். கூடையை இருக்கை வாரினால் கட்டவேண்டும். மோட்டாரின் கதவு திறந்திருக்கையில் கூடை திறக்கவே கூடாது. வெயிலில் பூட்டி நிறுத்திய வண்டிக்குள் பத்தே நிமிஷத்தில் உஷ்ணம் 10 டிகிரி ஏறிவிடும். பூனை வாய் திறந்து இரைத்தால் அபாயம். மனிதருக்குக் கொடுக்கும் பாரசிட்டமால் பூனைக்கு நஞ்சு. போய்ச் சேர்ந்ததும் முழு வீட்டையும் திறந்துவிடாமல், பழைய புடவையோடும் மணல் தட்டோடும் முதலில் ஒரே அறையைக் கொடுக்கவேண்டும். இரண்டு மூன்று வாரம் வெளியே விடக்கூடாது. ஆறாம் நாள் டில்லி சேர்ந்த முத்தன், நான்கு நாளில் அங்குள்ள கதவு நிலைகளிலெல்லாம் கன்னம் தேய்த்து முத்திரை வைத்துவிட்டான்.

வைஷ்ணவப் பெரியார்கள் சரணாகதியை விளக்க இரண்டு நியாயங்கள் சொல்வார்கள். குரங்குக் குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்கிறது. அது மர்க்கட நியாயம். பூனைக் குட்டி ஒன்றும் செய்வதில்லை. தாயே கவ்விக்கொண்டு போகிறது. அது மார்ஜார நியாயம். மாற்றல் உத்தரவு வந்த வீட்டில் பூனைக்கு நம்மைப் பற்றிக்கொண்டு வரத் தெரியாது. கவ்விக்கொண்டு போகவேண்டியவர்கள் நாமே.