மாத்திரைக்கு முன்னால் கல்ச்சர்

பெரியாறு கால்வாயில் தண்ணீர் வந்ததும் மேலூர் வட்டாரத்தில் நடவு தொடங்கிவிடும். சேற்று வயலில் செருப்போடு இறங்க முடியாது. முள் குத்துவதும் கண்ணாடிச் சில்லு கிழிப்பதும் யாருக்கும் நடக்கக்கூடியதுதான். ஆனால், சர்க்கரை நோயால் நரம்பு கெட்டுப்போன கால் அதை உணர்வதே இல்லை. வலிக்காததால் நடை நிற்பதில்லை. நடக்க நடக்கப் புண் ஆழமாகிறது. நாற்றம் வந்த பிறகுதான் வீட்டில் யாராவது குனிந்து பார்க்கிறார்கள்.

இப்படி உணர்ச்சியற்றுப் போவது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதைத் தமிழ்நாட்டில் இருந்துதான் டாக்டர் பால் பிராண்ட் உலகுக்குச் சொன்னார். தொழுநோயில் விரல்கள் தானாக உதிர்வதில்லை. மரத்துப்போன இடத்தில் திரும்பத் திரும்பப் படும் காயமும் கிருமியும்தான் அவற்றை அழிக்கின்றன என்று வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றியபோது அவர் கண்டறிந்தார். பிறகு அமெரிக்காவில் அதே பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் பயன்படுத்தினார்.

2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழகத்தில் 20 வயதைத் தாண்டியவர்களில் 14.4 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அவர்களில் பலர் காலில் புண் வந்ததும் முதலில் போவது மெடிக்கலுக்கு. மூன்று நாளைக்கு ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடுவார்கள். வீக்கம் கொஞ்சம் வடிந்ததும் நிறுத்திவிடுவார்கள். ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

குளிர்நாடுகளில் சர்க்கரைப் புண்ணைப் பெரும்பாலும் சீழ் பிடிக்க வைப்பது ஸ்டஃபைலோகாக்கஸ். நம் ஊரில் அதோடு சூடோமோனாஸ், ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்றவையும் அதிகம். ஒருவருக்குக் கேட்ட மாத்திரை இன்னொருவருக்குக் கேட்காமல் போக இதுவும் ஒரு காரணம். ரத்த ஓட்டம் குறைந்த காலுக்கு மருந்து போதுமான அளவு போய்ச் சேருவதில்லை. புண்ணின் மேல் கிருமிகள் பிசின் போன்ற படலம் கட்டி அதற்குள் பதுங்கிக்கொள்கின்றன. அரைகுறை மருந்துக்குத் தப்பிப் பிழைப்பவை அதே மருந்தை எதிர்க்கும் கிருமிகளாகப் பெருகுகின்றன. கடைசி ஆயுதமாக வைத்திருந்த கார்பபெனம் மருந்துகளையும் முறியடிக்கும் என்.டி.எம்-1 என்ற கிருமி நொதியைப் பற்றி 2010இல் உலகை எச்சரித்த ஆய்வின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. 2014 மார்ச் முதல், 'ஹெச்1' பட்டியலில் உள்ள ஆன்டிபயாடிக்குகளை விற்கும்போது நோயாளி, டாக்டர் பெயர்களைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். சட்டம் சரிதான், டாக்டர் சீட்டு இல்லாமல் நாம் மருந்து கேட்பதை நிறுத்தாவிட்டால் அதற்கு என்ன பயன்?

சீழோ, சூடோ, சிவப்போ, வீக்கமோ இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாடிக் தேவையே இல்லை என்கின்றன சர்வதேச வழிகாட்டுதல்கள். புண்ணைச் சுத்தம் செய்து கட்டுவதும், காலுக்குப் பாரம் கொடுக்காமல் இருப்பதும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும்தான் அதற்கு வைத்தியம். கிருமித் தொற்று இருந்தால் மேலாகப் பஞ்சில் ஒற்றி எடுப்பது போதாது. அதில் தோலின் மேல் சும்மா ஒட்டியிருக்கும் கிருமிகளும் வந்துவிடும். புண்ணைச் சுத்தம் செய்த பிறகு ஆழத்திலிருந்து சிறு சதைத்துண்டு எடுத்து, எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்ப வேண்டும். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை டாக்டர் அனுபவத்தின்படி ஒரு மருந்தைத் தொடங்கி, முடிவைப் பார்த்து மாற்றுவார். எலும்பு வரை போயிருந்தால் சிகிச்சை ஆறு வாரம்கூட நீளலாம்.

சர்க்கரை உள்ளவர்கள் தினமும் உள்ளங்காலைப் பாருங்கள். பார்வை மங்கியவர்களுக்கு வீட்டில் இருப்பவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். காய்ச்சலோ, கருப்போ, நாற்றமோ தெரிந்தால் அன்றைக்கே மேலூர் அரசு மருத்துவமனைக்கோ மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகளைக் கையோடு கொண்டுபோங்கள். “கல்ச்சருக்கு எடுக்கணுமா டாக்டர்?” என்று தயங்காமல் கேளுங்கள்.