லண்டன் பட்டமும் லூயிஷாம் வாடகையும்

பிசினஸ் படிக்க லண்டன் வருகிற தமிழ் மாணவர்களுக்கு லூயிஷாம் தோதான இடம். கிளாரெண்டன் ரைஸில் சிவன் கோயில் இருக்கிறது. இங்கிருந்து புறப்படும் டி.எல்.ஆர். ரயில் கிரீனிச் வழியாக, வங்கிகள் குவிந்த கேனரி வார்ஃபுக்கே போகிறது. லூயிஷாம் எல்லைக்குள்ளேயே, நியூ கிராஸில், கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி. பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட் நுண்கலை படித்த இடம் என்று பெயர் வாங்கிய அங்கே மேலாண்மையும் சொல்லித்தருகிறார்கள். கிரீனிச் பல்கலைக்கழகத்தின் பிசினஸ் ஸ்கூலோ பழைய கடற்படைக் கல்லூரி வளாகத்தில். விளம்பரத்தில் அந்தப் படம் ஒன்று போதும், பாதிப் பெற்றோர் மயங்கிவிடுவார்கள்.

மயங்குமுன் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது. 2025 நவம்பர் முதல், மாணவர் விசா கேட்கும்போது, லண்டனில் படிப்பவர் செலவுக்கு மாதம் 1,529 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்குப் பணம் காட்ட வேண்டும். வெளியூரில் படித்தால் 1,171. மொத்த வித்தியாசம் 3,222 பவுண்டு. நம் பணத்தில் மூன்றரை லட்சத்துக்கு மேல். அந்தத் தொகை 28 நாள் கணக்கிலேயே கிடக்க வேண்டும். லூயிஷாமில் மலிவாக அறை பிடித்தேன் என்று சொல்லிப் பயனில்லை. எங்கே படிக்கிறாய் என்பதுதான் விசா அலுவலகத்தின் கேள்வி.

அடுத்தது, படித்து முடித்தபின் வேலை தேட எவ்வளவு காலம்? 2012இல் நிறுத்திய இரண்டாண்டு வாய்ப்பு 2021இல் திரும்பி வந்தது. 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கும் முதுகலைப் பட்டதாரிகளுக்கு அது 18 மாதமாகச் சுருங்குகிறது. 2026 செப்டம்பரில் ஓராண்டுப் படிப்பில் சேருகிறவர்கள் இந்தப் புதுக்கணக்கில்தான் வருவார்கள். ஏஜென்ட் இன்னும் "ரெண்டு வருஷம்" என்று சொல்லிக்கொண்டிருந்தால் எழுந்து வந்துவிடலாம்.

எம்.பி.ஏ.வா, எம்.எஸ்சி. மேனேஜ்மென்டா என்பதிலும் குழப்பம் உண்டு. எம்.பி.ஏ. படிப்புகளைத் தரம் பார்க்கும் ஆம்பா அமைப்பின் அங்கீகாரம் பெற்ற எம்.பி.ஏ.க்கள் பொதுவாக மூன்றாண்டு வேலை அனுபவம் கேட்கும். கல்லூரியை முடித்த கையோடு வருகிறவருக்குப் பொருத்தம் இரண்டாவதுதான்.

கல்லூரியின் உரிமமும் முக்கியம். 2012 ஆகஸ்டில் லண்டன் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகம் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் உரிமத்தை இழந்தபோது, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நடுத்தெருவுக்கு வந்தார்கள். பின்னர் அந்த உரிமம் திரும்பக் கிடைத்தது. எந்தக் கல்லூரிக்கு இன்று உரிமம் இருக்கிறது என்ற பட்டியலை பிரிட்டிஷ் அரசே இணையத்தில் வெளியிடுகிறது. பார்க்கக் காசு கிடையாது, ஏஜென்டும் தேவையில்லை.