சிறுநீர்ப் பரிசோதனைக்கு அஞ்சி மருந்தை நிறுத்தாதீர்

"அடுத்த வாரம் வேலைக்கான மருத்துவப் பரிசோதனை. அதுவரை வலிப்பு மாத்திரையை நிறுத்திவிடலாமா?" இவ்வினாவை எங்கள் புறநோயாளர் பிரிவில் அவ்வப்போது கேட்கிறோம். வெளிநாட்டுப் பணி, கப்பற்பணி முதலியவற்றிற்குச் செல்வோரிடம் போதைப்பொருளைக் கண்டறியும் சிறுநீர்ப் பரிசோதனை கோரப்படுவதுண்டு. இந்தியாவில் 2022 ஜனவரி 31 முதல் விமானப் பணியாளர்களுக்கும் இது நடைமுறையில் உள்ளது. இப்பரிசோதனை நிகழும் முறையை அறிந்துகொண்டால் அச்சம் பெரிதும் அகலும்.

மாதிரி சேகரிக்கப்படும் இடத்தில் முதலில் அடையாள அட்டை சரிபார்க்கப்படும். கலப்படத்தைத் தடுக்கக் கழிப்பறை நீரில் நீலச்சாயம் கலந்திருப்பர். அமெரிக்க அரசு விதிகளின்படி, மாதிரி அளித்த 4 நிமிடங்களுக்குள் அதன் வெப்பநிலை 32 முதல் 38 பாகை செல்சியஸுக்குள் இருத்தல் வேண்டும். பின்னர் உங்கள் கண்முன்னே புட்டிகள் முத்திரையிடப்பட்டுக் கையொப்பம் பெறப்படும். அளவுக்கு மீறி நீர் அருந்திச் செல்வதால் பயனில்லை. கிரியாட்டினின் அளவு குறைந்திருப்பது, மாதிரி நீர்த்திருப்பதைக் காட்டிவிடும்.

ஆய்வகத்தில் சோதனை இரு படிகளாக நடைபெறுகிறது. முதற்படியில் எதிர்ப்பொருள்கள் வாயிலாக மருந்துக் குடும்பங்கள் தேடப்படும். இது விரைவானது, ஆயினும் உருவில் ஒத்த வேறு பொருள்களையும் சில வேளைகளில் பிடித்துவிடும். சளிக்கு உட்கொள்ளும் சூடோஎஃபெட்ரின் மாத்திரை, ஆம்ஃபெட்டமின் போலத் தோன்றக்கூடும். ஆகவே ஐயத்திற்குரிய மாதிரியை நிறை நிறமாலைக் கருவியால் மீண்டும் ஆய்ந்து, பொருளைத் துல்லியமாக அடையாளம் காண்பதே முறை.

உறுதிச் சோதனையும் தனியே தீர்ப்பாகாது. இருமல் மருந்திலுள்ள கோடீனை உடல் மார்ஃபினாக மாற்றுகிறது. குருமாவில் அரைத்துச் சேர்க்கும் கசகசாவிலும் சிறிதளவு மார்ஃபின் இருக்கலாம். இக்காரணத்தாலேயே அமெரிக்க அரசு 1998இல் ஓபியேட்டுகளுக்கான வரம்பை மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000 நானோகிராமாக உயர்த்தியது. மேலும், இப்பரிசோதனை ஒருவர் சில நாள்களுக்கு முன் உட்கொண்டதைக் காட்டுமேயன்றி, அவர் இப்போது மயக்கத்தில் இருக்கிறாரா என்பதைக் காட்டாது. முடிவுக்கும் மருந்துச்சீட்டுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து சொல்ல ஒரு மருத்துவர் வேண்டும்.

இனி, தொடக்கத்திற் கேட்ட வினாவுக்கு வருவோம். வலிப்புக்கான பீனோபார்பிட்டோன், பார்பிட்டியூரேட் வகையைச் சார்ந்தது. குளோபசாம் பென்சோடயசிபின் வகையைச் சார்ந்தது. இவை இரண்டும் தேடப்படும் வகைகளே. ஆனால் பீனோபார்பிட்டோன் உடலை விட்டு முற்றிலும் நீங்க இரண்டு மூன்று வாரங்கள் ஆகலாம். ஒரு வாரம் நிறுத்தினாலும் சோதனையில் தென்படக்கூடும். அதற்குள் கடும் வலிப்போ வந்துவிடக்கூடும். உயிருக்கே ஊறு நேரலாம்.

ஆதலால் நாங்கள் வேண்டுவன இவை: எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும், கடையில் நேரடியாக வாங்கியவற்றையும் சேர்த்து, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருந்துச்சீட்டை உடன் எடுத்துச் செல்லுங்கள். முடிவில் ஐயமிருப்பின் உறுதிச் சோதனையைக் கேளுங்கள். பரிசோதனைக்குச் சில நாள்கள் முன்னர்க் கசகசாவைத் தவிருங்கள். ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளுக்கு அதை எடுத்துச் செல்வதே தடைசெய்யப்பட்டுள்ளது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

உங்கள் நோயையும் மருந்தையும் விளக்கும் கடிதம் தேவையெனில், புறப்படும் முன் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். வேலையைக் காக்க அக்கடிதம் துணைபுரியும். உடலைக் காக்க மாத்திரை தொடரட்டும்.