புதுச்சேரிக்கு அடியில் கல் எவ்வளவு ஆழத்தில்?

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் பக்கம் போனால் தொல்பழம் பாறை தரைமட்டத்திலேயே தெரிகிறது. இடையே சேதராப்பட்டு, வழுதாவூர் பகுதியில் கிரெட்டேசியஸ் காலக் கடலுயிர்களின் புதைபடிவங்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே சேகரிக்கப்பட்டன. இந்தியா அண்டார்டிகாவை விட்டுப் பிரிந்தபோது புவிமேலோடு இழுபட்டுத் தாழ, அந்தப் பள்ளத்தில் ஆற்று வண்டலும் கடல் வண்டலும் அடுக்கடுக்காய்ப் படிந்தன. அதுவே காவிரிப் படுகை. அதன் வட பகுதியான அரியலூர்–புதுச்சேரி உள்படுகையின் மேல்தான் நகரம் நிற்கிறது. கடலை நோக்கிச் சரிந்து இறங்கும் அந்தத் தொல்பாறையின் ஆழத்தை ஈர்ப்புமானியால் கணிக்கலாம். ஆனால் மேலோட்டின் தடிமனையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் அந்தக் கணிப்பை நம்ப முடியும்.

வண்டல் பாறையின் அடர்த்தி தொல்பாறையைவிடக் குறைவு. வேறுபாடு கன செ.மீ.க்கு 0.3 கிராம் என்று கொண்டால், 3 கி.மீ. வண்டல் ஈர்ப்பை ஏறத்தாழ 38 மில்லிகேல் (ஈர்ப்பை அளக்கும் அலகு) குறைக்கும். பூமியின் மொத்த ஈர்ப்பு சுமார் 9,80,000 மில்லிகேல் என்றாலும் இந்தச் சிறு குறைவைக் கருவி தெளிவாகக் காட்டிவிடும். சிக்கல் அதற்கும் கீழே இருக்கிறது. மேலோடு மெலிந்த இடத்தில், அதற்குக் கீழுள்ள, அதைவிட அடர்ந்த கவசப் பகுதி (மேன்டில்) மேலெழும்பி நிற்கும். அது 2 கி.மீ. உயர்ந்தாலே, 0.4 கிராம் அடர்த்தி வேறுபாட்டில், ஈர்ப்பு சுமார் 33 மில்லிகேல் கூடிவிடும். ஒன்று குறைத்ததை மற்றொன்று ஈடுகட்டிவிட, ஆழமான படுகைகூட வரைபடத்தில் ஆழமற்றதாகத் தோன்றும். இந்த ஈடுகட்டும் இயல்பு இந்திய நில அளவையிலும் கவனத்துக்கு வந்தது. இமயமலையின் இழுவிசை எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்று கல்கத்தாவில் இருந்த ஜான் பிராட் 1855இல் காட்டினார். மலைக்குக் கீழே தடித்த வேர் இருப்பதே காரணம் என்று ஜார்ஜ் எய்ரி அதே ஆண்டில் விளக்கினார்.

ஒரே ஈர்ப்பு அளவுக்குப் பல நிலத்தடி அமைப்புகள் பொருந்துமே என்ற ஆட்சேபம் நியாயமானது. அதனால்தான் ஆழ்துளைகளும் அதிர்வலை ஆய்வும் தரும் ஆழங்களோடு கணக்கைப் பிணைக்க வேண்டியிருக்கிறது. அதிர்வலை ஆய்வு மட்டும் போதாதா என்றால், அதன் செலவு மிக அதிகம். நெருக்கமான நகரத்தில் அதை நடத்துவதும் கடினம். ஈர்ப்புமானியோ நிலத்தை அதிர வைக்காமலே இடைவெளிகளை நிரப்பும். உலகளாவிய மேலோட்டு மாதிரிகளை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. 2013இல் வெளிவந்த ‘கிரஸ்ட் 1.0’ பூமியை ஒரு பாகைக் கட்டங்களாகப் பிரிக்கிறது. புதுச்சேரி, கடலூர், நெய்வேலி, சிதம்பரம், அரியலூர் எல்லாம் ஒரே கட்டத்துக்குள் அடங்கி, ஒரே தடிமனைப் பெறுகின்றன. படுகையின் விளிம்பும் நடுவும் அங்கே வேறுபடுவதே இல்லை.

ஆகவே, உலக மாதிரியைத் தொடக்கமாக மட்டும் கொண்டு, உள்ளூர் அதிர்வலைத் தரவுகளால் அதைத் திருத்தி, கவசத்தின் பங்கைக் கழித்த பிறகே வண்டலின் ஆழத்தைச் சொல்ல வேண்டும். புதுச்சேரி குடிப்பது இந்த வண்டல் அடுக்குகள் தேக்கி வைத்திருக்கும் நிலத்தடி நீரை. அந்த அடுக்குகள் எங்கே தொடங்கி எவ்வளவு ஆழம் இறங்குகின்றன என்பதைச் சரியாக அளந்து வைப்பது அரசின் கடமை. அந்த அளவீடுகளைப் பொதுமக்களும் மாணவர்களும் எளிதில் பெறச் செய்வதும் அதன் கடமையே.