ஒரு முழத்தின் அரசியற் பொருளாதாரம்: கிழக்காபிரிக்கப் புகையிரதப் பாதைகளும் அகலத் தெரிவும்

கென்ய நாவலாசிரியர் கூகி வா தியோங்கோவின் ‘ஏ கிறெயின் ஒவ் வீற்’ (1967) என்னும் நாவலைப் படித்தோர், ஞாயிற்றுக்கிழமைகளிற் பயணிகள் வண்டியைக் காண்பதற்கென்றே இளைஞர்கள் புகையிரத நிலையத்திற் கூடும் பகுதிகளை மறந்திருக்கமாட்டார்கள். அந்நியர் தமது நிலத்தை ஊடறுத்து இட்ட இருப்புப்பாதை அம்மக்களுக்கு அச்சத்தையும் கவர்ச்சியையும் ஒருங்கே தந்தது. மோம்பாசாத் துறைமுகத்திலிருந்து உள்நாடு நோக்கிச் செல்லும் அப்பாதையின் இரு தண்டவாளங்களுக்கும் இடையிலுள்ள தூரம் ஒரு மீற்றர். 2017இல் அதற்குப் போட்டியாக 1435 மில்லிமீற்றர் அகலமுள்ள இன்னொரு பாதை திறந்துவைக்கப்பட்டது. வேறுபாடு 435 மில்லிமீற்றர். ஏறத்தாழ ஒரு முழம். அந்த ஒரு முழத்தின் பொருளாதாரக் கருத்து யாது, அதனைத் தீர்மானித்தவை எவை என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதில் இலக்கிய மாணவனுக்கு என்ன வேலை என்று கேட்கப்படலாம். பாதையகலம் பற்றிய வாதங்களிற் பெரும்பகுதி பொறியியல் மொழியிற் பேசப்படும் அரசியல் வாதங்களே. சொல்லுக்கும் அதன் பின்னுள்ள நலனுக்குமிடையேயான தொடர்பை ஆராய்வோர்க்கு அங்கே ஓரளவு வேலையுண்டு.

தண்டவாளங்களின் உட்பக்க விளிம்புகளுக்கிடையிலான தூரமே ‘கேஜ்’ எனப்படுவது. இங்கு அதனைப் பாதையகலம் என்போம். ‘நியம அகலம்’ என்று இன்று வழங்கும் 1435 மி.மீ. (4 அடி 8½ அங்குலம்) வட இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களிற் குதிரைகள் இழுத்த வண்டிப் பாதைகளின் வழிவந்தது. ஜோர்ஜ் ஸ்ரீபன்சன் அதனைத் தமது பாதைகளுக்கு எடுத்துக்கொண்டார்; 1846ஆம் ஆண்டுச் சட்டம் பிரித்தானியாவில் அதனை நிலைநாட்டிற்று. அதற்குப் போட்டியாயிருந்த புரூணலின் 7 அடிப் பாதை தொழினுட்பத்திலே தாழ்ந்ததென்று எவரும் நிறுவவில்லை. மற்றைய அகலத்தில் ஏற்கெனவே இடப்பட்டிருந்த பாதைகள் அதனிலும் பன்மடங்கு நீளமானவையாயிருந்தன என்பதே அதன் தோல்விக்குக் காரணம். கடந்தகால உழைப்பு பொருளாய் உறைந்து நிகழ்கால உழைப்பின்மீது ஆதிக்கஞ் செலுத்துவதை மார்க்ஸ் விளக்கியமை யாவரும் அறிந்ததே. இருப்புப்பாதையைவிட அதற்கு எளிய உதாரணம் கிடைப்பது அரிது.

மீற்றர் அகலம் கிழக்காபிரிக்காவுக்கு இந்தியாவிலிருந்தே சென்றது. இந்தியாவின் முதற் பெரும்பாதைகள் 5 அடி 6 அங்குல அகலத்தில் இடப்பட்டன. செலவு மிகுந்தபோது, 1870இல் மேயோ பிரபுவின் அரசாங்கம் இனி இடப்படும் துணைப்பாதைகளுக்கு மீற்றர் அகலத்தைத் தெரிந்தது. நாட்டில் மெற்றிக் அளவை முறை வரவிருக்கிறது என்ற எதிர்பார்ப்பே அவ்வளவு தெரியப்பட்டமைக்குக் காரணம். இராணுவத்தினர் எதிர்த்தனர். அதன் விளைவாக வடமேற்கு எல்லையை நோக்கிய பாதைகள் அகலப்பாதைகளாகவே அமைந்தன. விவசாயியின் மூட்டை இடைவழியில் இறங்கி ஏறலாம். படையின் பீரங்கி இறங்கலாகாது! தெற்கிலோ, நாகபட்டினத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு 1860களின் தொடக்கத்தில் இடப்பட்ட அகலப்பாதைகூட 1870களில் மீற்றர் அகலத்துக்குச் சுருக்கப்பட்டது. 1914இல் நமது தலைமன்னார்ப் பாதை திறக்கப்பட்டபோது அது 5 அடி 6 அங்குலம். எதிர்க்கரையில் தனுஷ்கோடிக்கு வந்த பாதை ஒரு மீற்றர். இடையிலே கடல் இருந்தமையால் இம்முரண்பாடு எவரையும் வருத்தவில்லை. நிலத்திலே இத்தகைய முரண்பாடு நேருமிடத்து ஒவ்வொரு மூட்டையையும் ஒருவர் முதுகிற் சுமந்து மாற்றவேண்டியிருந்தது. 1992இல் இந்தியா தன் பாதைகளை ஒரே அகலத்துக்கு மாற்றும் திட்டத்தைத் தொடங்கியபோது, உலகின் ‘நியம’ அகலத்தைத் தெரியவில்லை என்பது கவனிக்கற்பாலது. தன்னிடம் ஏற்கெனவே மிகுதியாயிருந்த 5 அடி 6 அங்குலத்தையே தெரிந்தது.

உகண்டாப் புகையிரதப் பாதையின் வேலை 1896இல் மோம்பாசாவில் தொடங்கிற்று. 1899இல் நைரோபியையும், 1901இன் இறுதியில் விக்ரோறியா ஏரிக் கரையையும் அது அடைந்தது. முன்னைய அளவையாய்வு 3 அடி 6 அங்குலப் பாதையைக் கருதியிருந்தது. இந்தியாவிலிருந்து எஞ்சின்களையும் பெட்டிகளையும் பெறும் வசதியினால் மீற்றர் அகலம் தெரியப்பட்டது. எஞ்சின்களோடு மனிதரும் வந்தனர். ஏறத்தாழ 32,000 இந்தியத் தொழிலாளர், பெரும்பாலும் பஞ்சாப்பிலிருந்து, ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். சுமார் 2,500 பேர் மாண்டனர். சாவோ ஆற்றருகே சிங்கங்கள் தொழிலாளரைத் தின்ற கதையைப் பிரித்தானிய வாசகர் விரும்பிப் படித்தனர். நோயும் வேலையும் தின்றவர்களின் தொகை சிங்கங்கள் தின்றதிலும் பன்மடங்கு என்பது அக்கதைகளிற் பெரிதும் இடம்பெறுவதில்லை. பாதை தமது நிலத்தினூடாக வருவதை எதிர்த்த நந்தி மக்களின் தலைவர் கொய்ற்றலெல் 1905இல், பேச்சுவார்த்தைக்கென வந்தவிடத்தில், ஆங்கில அதிகாரியொருவராற் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இவ்வாறு உருவான பாதை, 1931இல் கம்பாலாவை எட்டியது. கோப்பியும் பருத்தியும் தேயிலையும் துறைமுகத்துக்கு இறங்கின, பண்டங்கள் ஏறிவந்தன. ஜேர்மானியர் தன்சானியாவில் இட்ட பாதைகளும் மீற்றர் அகலமே. ஆதலால் முப்பகுதிகளையும் ஒரே நிருவாகத்தின்கீழ் கொண்டுவருதல் 1948இல் இயலுமாயிற்று. குடியேற்ற ஆட்சி தன் வசதிக்காகச் செய்த ஒரு தெரிவு, சுதந்திரத்தின்பின் மூன்று நாடுகளுக்கும் பொதுச் சொத்தாய் அமைந்தது. வரலாற்றில் இத்தகைய முரண் நிகழ்வுகள் அரியனவல்ல. 1853இல் இந்தியா பற்றி எழுதிய கட்டுரைகளில் மார்க்ஸ் சுட்டிய இயக்கவியலும் இதுவே: கொள்ளைக்கென வந்த கருவி, மக்கள் அதனைக் கைப்பற்றுமிடத்து வேறொன்றாகலாம். 1977இல் கிழக்காபிரிக்கச் சமூகம் உடைந்தபோது அப்பொதுச் சொத்தும் உடைந்தது. பின்னர் பராமரிப்பின்மையால் பாதை நலிந்தது. 2006இல் கென்ய, உகண்டாப் பாதைகள் தனியார் குத்தகைக்கு விடப்பட்டன. அக்குத்தகை 2017இல் முறிந்தது.

‘ஒரு மீற்றர்ப் பாதை காலாவதியானது, அகலமான பாதையே நவீனம்’ என்ற வாதம் இந்நலிவின் மீதே எழுந்தது. அதன் தொழினுட்ப உண்மை எவ்வளவு? அகலங் கூடிய பாதையில் வண்டியின் உறுதிநிலை கூடுகிறது என்பதும், மிக உயர்ந்த வேகங்களுக்கு அது அவசியம் என்பதும் மெய். 1067 மி.மீ. பாதைகளையுடைய யப்பான், 1964இல் தனது அதிவேகப் பாதையை 1435இல் தனியாகவே அமைத்தது இதனாலேதான். எனினும் சரக்கைப் பொறுத்தவரை ஒரு பாதையின் ஆற்றலைத் தீர்மானிப்பவை வேறு: தண்டவாளத்தின் எடை, அச்சொன்று தாங்கும் பாரம், வளைவுகளின் கூர்மை, ஏற்றத்தின் சாய்வு, ஒற்றைப்பாதையில் வண்டிகள் விலகும் தடங்களின் நீளம். பிரேசிலின் வித்தோரியா–மினாஸ் பாதை மீற்றர் அகலமுடையது. அது ஆண்டொன்றில் 10 கோடித் தொன்னுக்கு மேற்பட்ட இரும்புத்தாதைச் சுமந்துள்ளது. தென்னாபிரிக்காவின் 1067 மி.மீ. பாதையொன்றில் 342 பெட்டிகள் கொண்ட தாதுவண்டிகள் ஓடுகின்றன. அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் அதே அகலத்திற் பயணிகள் வண்டி மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. கென்யாவின் புதிய நியமப் பாதையிற் பயணிகள் வண்டியின் உச்ச வேகம் 120 கி.மீ.; சரக்குவண்டிக்கு 80 கி.மீ. இவ்வேகங்களுக்காக அந்த ஒரு முழம் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது நேரான தடமும் கனமான தண்டவாளமுமே. பழைய பாதை 1890களின் அவசரத்தில் மலைச்சரிவைத் தழுவி வளைந்து சென்றது. புதியது பாலங்களின்மேல் நேரே செல்கிறது. இதனால் விளைந்த பயனையெல்லாம் அகலத்தின் கணக்கில் எழுதுவது பிழை.

உலக வங்கியின் 2013ஆம் ஆண்டு ஆய்வும் இருக்கும் மீற்றர்ப் பாதையைச் செப்பனிடுவதே சிக்கனமானது என்று கூறிற்று. குத்தகை முறைக்கு முன்னர் ஊக்கமளித்த அந்நிறுவனத்தின் ஆலோசனையை நைரோபியில் எவரும் எளிதில் நம்பாதது வியப்பன்று. மறுபுறத்தில், நியமப் பாதைக்குச் சார்பான நியாயங்களும் இருந்தன. உலகச் சந்தையில் 1435க்கான எஞ்சின்களும் பெட்டிகளும் பல உற்பத்தியாளரிடம் கிடைக்கும். புதுத்தடம் வேறாக அமைவதால் வேலை நடக்கும்போது பழைய பாதையை மூடவேண்டியதில்லை. எப்படியும் புதுத்தடம் வெட்டத்தான் வேண்டுமெனில், அகலத்தால் மட்டும் மேலதிகமாகும் செலவு சிறிதே. இம்மூன்றாவது நியாயம் வலுவானது. பாதை முழுவதும் கட்டிமுடிக்கப்படும் என்ற நிபந்தனையோடு மாத்திரம்.

அந்நிபந்தனை நிறைவேறவில்லை. மோம்பாசா–நைரோபிப் பாதையின் செலவில் ஏறத்தாழ 90 வீதம் சீன எக்சிம் வங்கியின் கடன். கட்டியது சீன நிறுவனம். 2019இல் பாதை நைவாஷா அருகேவரை நீண்டு நின்றது. உகண்டா எல்லையிலுள்ள மலபா வரை செல்வதற்கான அடுத்த கடன் அப்போது கிடைக்கவில்லை. ஆகவே கென்யா செய்தது யாது? நைவாஷாவிலிருந்து பழைய பாதைக்கு மீற்றர் அகலத்திலே ஓர் இணைப்புத் துண்டை இட்டது; மலபா வரையிலான பழைய பாதையைச் செப்பனிட்டது. காலாவதியானதென்று தள்ளப்பட்டதே மீண்டும் வேண்டப்பட்டது. நைவாஷாவில் கொள்கலன்கள் 1435இலிருந்து 1000க்குத் தூக்கி மாற்றப்படும் நிலை வந்தது. 2020இல் நன்யூக்கிக்கான பழைய மீற்றர்ப் பாதை இராணுவத்தினரையும் தேசிய இளைஞர் சேவையினரையும் கொண்டு செப்பனிடப்பட்டுத் திறக்கப்பட்டதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

கடனைத் திருப்பிச் செலுத்தப் பாதைக்குச் சரக்கு வேண்டும். குறைந்தளவு சரக்கைத் தருவதாகத் துறைமுக அதிகாரசபை முன்னரே உறுதியளித்திருந்தது. எனவே இறக்குமதிக் கொள்கலன்கள் புகையிரதத்திலேயே உள்நாடு செல்லவேண்டுமென்ற கட்டளை பிறந்தது. மோம்பாசாவின் லொறிச் சாரதிகளும், துறைமுகத்தைச் சூழ்ந்த களஞ்சியங்களிலும் சிற்றுண்டிக் கடைகளிலும் வேலைசெய்தோரும் 2019இல் வீதிக்கு இறங்கினர். 2022இல் ஆட்சி மாறியபின் அக்கட்டளை நீக்கப்பட்டது. இதற்கிடையில், 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் பாதைக்கான கொள்வனவு சட்டத்துக்கு அமையவில்லை எனத் தீர்த்திருந்தது. பாதையோ அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே ஓடத் தொடங்கிவிட்டது.

இவை யாவற்றையும் ‘சீன ஆதிக்கம்’ என்ற ஒரே சொல்லில் அடக்குவோர் உளர். அவர்கள் தன்சானியாவையும் சாம்பியாவையும் இணைக்கும் தசாரா பாதையை மறந்துவிடுகின்றனர். 1970இல் தொடங்கி 1975அளவில் முடிக்கப்பட்ட அந்த 1,860 கி.மீ. பாதையையும் சீனாவே கட்டியது. வட்டியில்லாக் கடனிற் கட்டியது. சீனாவின் சொந்தப் பாதைகள் 1435. தன்சானியாவின் பாதைகள் 1000. தசாரா இடப்பட்டதோ 1067 மி.மீ. அகலத்தில், சாம்பியாவும் தென்பகுதி நாடுகளும் கொண்டிருந்த அகலம் அது. நிறவெறி ஆட்சிகளின் துறைமுகங்களை நம்பியிருந்த சாம்பியாவின் செம்பைத் தாரெஸ்ஸலாமுக்குக் கொண்டுவருவது அன்றைய அரசியல் நோக்கம். அந்நோக்கத்துக்கேற்ப அகலம் தெரியப்பட்டது. அதற்கும் விலையுண்டு. தன்சானியாவின் மீற்றர்ப் பாதையோடு அது கலக்கமுடியாது போகவே, 1998இல் கிடாத்துவில் சரக்கு மாற்றும் நிலையமொன்று அமைக்கவேண்டியதாயிற்று. ஆயினும் ‘எவரோடு இணையவேண்டும்?’ என்ற கேள்வி அங்கே அகலத்துக்கு முன்னதாக வந்தது. கென்யாவில் அகலமும் கடனும் முன்வந்தன, இணைப்பு பின்தள்ளப்பட்டது.

தன்சானியாவும் பின்னர் 1435ஐத் தெரிந்தது. துருக்கிய நிறுவனமொன்று கட்டிய, மின்சாரத்தில் இயங்கும் அதன் புதிய பாதையில் 2024இல் தாரெஸ்ஸலாமிலிருந்து தொடோமா வரை சேவை தொடங்கிற்று. அங்கே வேகம் மணிக்கு 160 கி.மீ. என்பதால் அகலத்துக்கான நியாயம் கென்யாவினதைவிட வலுவானது. சீன நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தைக் கைவிட்ட உகண்டா, 2024 ஒக்ரோபரில் அதே துருக்கிய நிறுவனத்தோடு மலபா–கம்பாலா நியமப் பாதைக்காக ஒப்பந்தஞ் செய்தது; நீளம் 272 கி.மீ. கூடவே தனது மீற்றர்ப் பாதையைச் செப்பனிடும் வேலையையும் அது விடவில்லை. அதற்கான காரணம் தேச வரைபடத்திலே தெரியும். கென்யாவின் நியமப் பாதை நைவாஷாவிலிருந்து எல்லைக்கு வந்து சேரும்வரை, கம்பாலாவிலிருந்து புறப்படும் புதிய வண்டி மலபாவிற் சந்திக்கப்போவது 1896இல் மோம்பாசாவில் இடத் தொடங்கிய அந்த ஒரு மீற்றரையே.