எத்தனை கோல்னு கேட்காதீங்க... ஐஸ் ஹாக்கி ஆடும் பிள்ளையின் வளர்ச்சியை எப்படிக் கவனிப்பது?

கனடாவில் செட்டிலான அண்ணன் வீட்டு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இப்படி ஒரு போட்டோ பார்த்திருப்பீர்கள். தலையில் ஹெல்மெட், முகத்தை மறைக்கும் கம்பி வலை, தோள் முதல் முழங்கால் வரை தடித்தடியாக பேடு, கையில் ஒரு ஸ்டிக். உள்ளே இருப்பது ஆறு வயசு வாண்டு! உடனே நாம் அனுப்பும் மெசேஜ், "சூப்பர், எத்தனை கோல்?"

டொரன்டோ, ஸ்கார்பரோ பக்கம் தமிழ்க் குடும்பங்கள் அதிகம். அங்கே ஐஸ் ஹாக்கி, நம்ம ஊர் கிரிக்கெட் மாதிரி. ஆனால், சின்ன வயதில் ஸ்கேட்டே மாட்டாத பெற்றோருக்குப் பிள்ளை முன்னேறுகிறதா என்று சட்டெனப் புரியாது. அதனால் கண் நேராக ஸ்கோர்போர்டுக்குப் போய்விடும். வளர்ச்சி தெரிவதோ வேறு இடத்தில். எங்கே பார்க்கணும்?

முதலில்... எப்படி எழுகிறார்கள்?

முழு ஐஸ் தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். ஆறு வயதுக் குழந்தைக்கு அது பாலைவனம்! அதனால்தான் 2017-18 சீசனிலிருந்து, 7 வயதுக்குட்பட்டோர் பிரிவில் தளத்தைக் குறுக்கே பிரித்து, சின்ன இடத்தில் ஆட வைப்பதை ஹாக்கி கனடா அமைப்பு கட்டாயமாக்கியது. இடம் சுருங்கினால் எல்லாக் குழந்தைக்கும் 'பக்' எனப்படும் அந்த ரப்பர் வட்டு அடிக்கடி கிடைக்கும். வழக்கமான பக் சுமார் 170 கிராம். குட்டீஸுக்கு அதைவிட எடை குறைந்த நீலநிற பக் உண்டு.

இந்த வயதில் கவனிக்க வேண்டியவை:

* விழுந்தால், யார் கையையும் பிடிக்காமல் எழுகிறார்களா?
* சுவரில் மோதாமல் நிற்கத் தெரிகிறதா?
* இடம், வலம் இரண்டு பக்கமும் திரும்ப வருகிறதா?
* பின்பக்கமாக ஸ்கேட் செய்ய முயல்கிறார்களா?

அடுத்து... தலை நிமிர்கிறதா?

ஆரம்பத்தில் எல்லாப் பிள்ளைகளும் பக்கையே பார்த்துக்கொண்டு, தேனீக்கூட்டம் மாதிரி அதன் பின்னால் ஓடுவார்கள். ஒருநாள் உங்கள் பிள்ளை தலையை நிமிர்த்தி, யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து பாஸ் கொடுக்கும். அந்த பாஸ் தவறிப்போனாலும் பரவாயில்லை, கைதட்டுங்கள். அது பெரிய முன்னேற்றம்.

இன்னொன்றும் உண்டு. ஹாக்கியில் வீரர்கள் சுமார் ஒரு நிமிடம் முழு மூச்சாக ஆடிவிட்டு, பெஞ்சுக்குத் திரும்பி அடுத்தவரை அனுப்புவார்கள். இதற்கு 'ஷிஃப்ட்' என்று பெயர். 'இன்னும் கொஞ்சம் ஆடுறேனே' என்று அடம்பிடிக்காமல் பிள்ளை வெளியே வந்தால், டீம் என்றால் என்னவென்று புரிந்துவிட்டது என அர்த்தம்.

டிசம்பர் குழந்தையா? பதறாதீங்க!

பொழுதுபோக்குக்கு ஆடுபவர்களுக்கு 'ஹவுஸ் லீக்', போட்டிக்கு ஆடுபவர்களுக்கு 'ரெப்' டீம். ரெப் டீமுக்குத் தேர்வு உண்டு. பட்டியலில் பெயர் இல்லாத அன்று வீடே இழவு வீடு மாதிரி ஆகிவிடும்.

அப்போது ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். வயதுப் பிரிவுகள் ஜனவரி 1-ஐ வைத்தே பிரிக்கப்படுகின்றன. அதாவது ஜனவரியில் பிறந்தவரும் டிசம்பரில் பிறந்தவரும் ஒரே பிரிவு. எட்டு வயதில் அந்த 11 மாத வித்தியாசம் உயரத்திலும் பலத்திலும் அப்பட்டமாகத் தெரியும். பெரிய பிள்ளை தேர்வாகும், கூடுதல் பயிற்சி கிடைக்கும், இன்னும் முன்னேறும். கனடிய உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லி 1980-களிலேயே இதைச் சுட்டிக்காட்டினார். உயர்மட்ட ஹாக்கி வீரர்களில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் என்பது அவர் கண்டது.

ஸோ, இன்று கிடைக்காத இடம், திறமை இல்லை என்பதற்கான தீர்ப்பு அல்ல. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடும் முன், பிறந்த மாதத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேலரியில் வாயைத் திறக்கும் முன்...

ஹாக்கி ஜாம்பவான் வேய்ன் கிரெட்ஸ்கி, 10 வயதில் ஒரே சீசனில் 378 கோல் அடித்தவர். எல்லோரும் கொண்டாடியிருக்க வேண்டும்தானே? ஆனால், சொந்த ஊரான பிரான்ட்ஃபோர்டில் பெரியவர்களின் பொறாமையும் அழுத்தமும் தாங்க முடியாமல், 14 வயதில் வீட்டைப் பிரிந்து டொரன்டோவுக்குப் போய் ஆடினார். அத்தனை கோல் அடித்த பிள்ளைக்கே இந்த நிலைமை!

அதனால் கேலரியில் இருந்து 'ஷூட் பண்ணு, ஓடு' என்று கத்த வேண்டாம். அது கோச்சின் வேலை. திரும்பும்போது காரில் மேட்ச் விமர்சனமும் வேண்டாம். தோற்ற களைப்பில் இருக்கும் பிள்ளைக்கு அது இரண்டாவது தோல்வி. 'பசிக்குதா?' என்று கேளுங்கள். மேட்ச் பற்றி அவர்களாகவே பேச ஆரம்பித்தால், காதைக் கொடுங்கள்.

வளர்ச்சியைக் கண்ணால் பார்த்தே ஆகணுமா? சிம்பிள் வழி இருக்கிறது. சீசன் தொடங்கும் அக்டோபரில், பிள்ளை ஸ்கேட் செய்வதை 30 விநாடி வீடியோ எடுங்கள். முடியும் மார்ச்சில், அதே இடத்தில் நின்று இன்னொன்று எடுங்கள். இரண்டையும் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். 'அய்யோ, நானா இப்படித் தடுமாறினேன்!' என்று அதுவே சிரிக்கும்.